சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாதபோது

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ரத்தம் கம்மி என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை, சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், கடையில் விற்கும் சிவப்பு டானிக். எல்லாவற்றையும் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் பேச்சு மாறிவிடும். "நீ ஒழுங்கா மாத்திரை போடறதில்லை" என்பார்கள். மாத்திரை தவறாமல் உள்ளே போயிருக்கும். உள்ளே போவதற்கு ஈடாக ரத்தம் வெளியேயும் போய்க்கொண்டிருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. என் விஷயத்தில் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது குடலில் இருந்த கொக்கிப்புழு. அது தெரியவருவதற்குள் ஆறாம் மாதம் முடிந்துவிட்டது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதத்தில் ஹீமோகுளோபின் (100 மில்லி ரத்தத்தில் இத்தனை கிராம் என்பது கணக்கு) 9.8, ஐந்தாம் மாதத்தில் 9.1, ஆறாம் மாதத்தில் 8.3. கர்ப்பிணிகளுக்கு 11 இருக்க வேண்டும். 10 முதல் 10.9 வரை லேசான குறைவு, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே போனால் கடுமை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வயிற்றில் பிள்ளை வளரும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் நன்றாக இருப்பவர்களுக்கும் எண் கொஞ்சம் இறங்கும். 28 முதல் 32 வாரத்துக்குள் அது அடிமட்டத்துக்கு வரும். அதனால் 11.6 என்பது 11.1 ஆனால் பதற வேண்டாம். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே 9.8 என்பது 8.3 ஆனால் அதை நீர்ப்பகுதியின் கணக்கில் எழுதக் கூடாது. என்னைப் பார்த்த தனியார் மருத்துவமனையில் அப்படித்தான் எழுதினார்கள். மாத்திரையின் பிராண்டை மாற்றினார்கள், புரதப் பவுடர் எழுதினார்கள், டானிக்கையும் சேர்த்தார்கள். பரிசோதனைகளையும் கூட்டினால் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும். பணத்தைவிட அதிகம் வலித்தது மாமியாரின் பார்வைதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், காதுக்குள் இதயம் அடிப்பது கேட்கும். அதையும் சோம்பல் என்றுதான் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் மாத்திரையை முறையாகப் போட்டால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராமாவது ஏற வேண்டும். அவ்வளவு ஏறாவிட்டால் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அரசின் ரத்தசோகைத் திட்டத்திலேயே இருக்கும் விதி. எனவே பார்க்கவேண்டிய கெடு ஒரு மாதம். இரண்டு, மூன்று மாதம் "பார்க்கலாம்" என்று விட்டால் அதற்குள் பிரசவம் நெருங்கிவிடும்.

அந்த ஒரு மாதத்தை மாத்திரை மேல் பழி போட முடியாதபடி கழிக்க வேண்டும். அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. ரத்தம் சரியாக இருப்பவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். குறைவாக இருப்பவர்களுக்கு தினம் இரண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போட்டால் நன்றாக உடலில் சேரும். குமட்டினால் இரவு படுக்கும் முன் போடலாம். டீயும் காபியும் ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது கால்சியம் மாத்திரையில்தான். மறந்துபோகும் என்று இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்து ஒரே நேரத்தில் விழுங்குகிறார்கள். கால்சியம் இரும்பைச் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியத்தைச் சாப்பாட்டோடு காலையிலும் மதியமும் முடித்துவிட்டு, இரும்பை இரவுக்கு வைத்துக்கொள்வது எளிது. மாத்திரையோடு எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு நெல்லிக்காய் நல்லது. இதெல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் கேள்வியை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

எங்கே திருப்புவது? ஏற்கெனவே கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே குறிப்பு இருக்கும். முழு ரத்த எண்ணிக்கைத் தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி உண்டு. அது சிவப்பணுவின் சராசரி அளவு. 80-க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். இரும்புக் குறைவில் அப்படி ஆகும், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் லேசான வகையிலும் அப்படி ஆகும். இரண்டாவது இல்லை என்று உறுதிசெய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. அதைக் கணவனும் மனைவியும் செய்துகொள்வது நல்லது. அடுத்து ஈசினோஃபில் என்ற வெள்ளையணு. 6 சதவீதத்துக்கு மேலே, அல்லது ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்கு மேலே இருந்தால் உடலில் ஒவ்வாமையோ புழுவோ இருக்க வாய்ப்பு அதிகம். என் தாளில் அது 11 சதவீதம். "தூசி அலர்ஜியா இருக்கும்" என்று தள்ளிவிட்டார்கள். தும்மலும் இல்லை, இளைப்பும் இல்லை, ஈசினோஃபில் மட்டும் கூடியிருக்கிறது, கூடவே இரும்பும் குறைகிறது என்றால் புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மருத்துவருக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போது புரிகிறது. நாங்கள் இருந்தது சென்னையில் மூன்றாம் மாடி வீட்டில். கழிப்பறை உண்டு, வெறுங்காலில் மண்ணை மிதிக்க வழியே இல்லை. ஆனால் நான் வளர்ந்தது பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே. கொக்கிப்புழு குடலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை சாதாரணமாக உயிர்வாழும். கல்யாணமாகி ஊரை விட்டு வந்தாலும் புழு கூடவே வந்துவிடும். எனவே இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது போதாது. கடைசி ஐந்து வருடத்தில் எங்கெங்கே வெறுங்காலோடு நடந்தீர்கள், எங்கே கொல்லைக்குப் போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முந்திரித் தோப்பு இந்தப் புழுவுக்கு ஏன் இவ்வளவு தோதானது என்பதைப் பார்த்தால் மற்றவை தானாக விளங்கும். நிழல், ஈரம், பொடிமண் மூன்றும் அங்கே இருக்கின்றன. மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வருகிறது. வெயில் படாத ஈரமண்ணில் மூன்று நான்கு வாரம் காத்திருக்கும். அதிகம் நகராது, விழுந்த இடத்தைச் சுற்றியே கிடக்கும். ஊரில் கொல்லைக்குப் போகிறவர்கள் மறைவான அதே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போவார்கள். போன வாரம் ஒருவர் உட்கார்ந்த இடத்தில் இன்று இன்னொருவர் கால் வைக்கிறார். பனி இறங்கிய விடியற்காலையில் என்றால் இன்னும் மோசம். விரலிடுக்கிலும் பாத ஓரத்திலும் அரிப்பும் சிறு கொப்புளமும் வரும். எங்கள் பக்கம் அதைச் சேத்துப்புண் என்று சொல்லி மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுவார்கள். எல்லாச் சேத்துப்புண்ணும் புழுவால் வருவதில்லை, பெரும்பாலும் ஈரத்தால் வரும் பூஞ்சைதான். ஆனால் தோப்பு மண்ணை மிதித்தபின் திடீரென வந்து சில நாளில் தானாகப் போகும் அரிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கிருந்து புழு ரத்தத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து பல்லைப் பதிக்கும்.

எவ்வளவு ரத்தம் போகும்? தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெக்கேட்டர் வகையில் ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தத்தை வீணாக்கும். அதன் பங்காளியான அன்கைலோஸ்டோமா வகையில் இது 0.15 மில்லிக்கும் மேல். நெக்கேட்டர் நூறு இருந்தால் நாளுக்கு 3 மில்லி. அதில் ஏறத்தாழ 1 மி.கி. இரும்பு போகும். நம் சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்வதே நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். சாதாரண நாளில் ஒரு பெண் இதைத் தாங்கிக்கொண்டு சோர்வாக நடமாடுவாள், யாருக்கும் தெரியாது. கர்ப்பம் முழுவதற்கும் கூடுதலாகச் சுமார் 1000 மி.கி. இரும்பு தேவைப்படும்போதுதான் கணக்கு உடைகிறது. வயிற்றுவலியோ பேதியோ இருக்கவேண்டும் என்று இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் விபூதி தின்னும் ஆசை. மசக்கை என்று சிரித்தார்கள். சாம்பல், விபூதி, செம்மண், பச்சரிசி மேல் வரும் ஆசை இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். மண் தின்றால் அதிலிருக்கும் களிமண் இரும்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும், உருண்டைப்புழுவின் முட்டையையும் உள்ளே அனுப்பும். இன்னொன்று: இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகத்தான் வரும். குடலில் ரத்தம் கசிந்தாலும் அதே நிறம் வரலாம். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மலப் பரிசோதனை செய்யச் சொன்னது, ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுக்கு வந்த நர்சம்மா. "சத்து மாத்திரை ரெண்டு ரெண்டா போட்டும் இறங்குதுன்னா பூச்சியைப் பாக்கணும்மா, நாலாம் மாசமே மாத்திரை குடுத்திருப்பாங்களே?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. முழுக்கத் தனியாரில் பார்த்ததால் அந்த வரிசையே எனக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் கடந்ததும், பெரும்பாலும் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள், கர்ப்பிணிக்கு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மி.கி. ஒரே ஒன்று தருவது அரசின் கர்ப்பக் காலப் பராமரிப்பிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். கடையில் வாங்கினாலும் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு மேல் போகாது. தனியாரில் பார்ப்பவர்கள் நான்காம் மாதப் பரிசோதனையின்போது நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

மலப் பரிசோதனை செய்வதானால் சில விஷயங்கள். சுண்ணாம்பு டப்பா அளவு சுத்தமான டப்பாவில், சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலக்காமல் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இரவு எடுத்து மறுநாள் மதியம் கொடுத்தால் முட்டை பொரிந்து, பார்ப்பவர் வேறு புழு என்று குழம்பலாம். ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பதைவிட, மாதிரியைச் செறிவாக்கிப் பார்க்கும் முறையில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். அதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். ஒருமுறை "இல்லை" என்று வந்தால் முடிந்துவிடவில்லை. வேறு வேறு நாளில் மூன்று மாதிரி கொடுத்த பிறகே ஓரளவு நம்பலாம். புழு உடலுக்குள் நுழைந்து ஐந்தாறு வாரம் ஆனபின்தான் முட்டையே வெளிவரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய். நான் அதற்குமுன் செய்த ஸ்கேனும் விலையுயர்ந்த விட்டமின் பரிசோதனைகளும் சொல்லாததை அது சொன்னது.

மாத்திரையைப் பற்றி வீட்டில் ஒரு போரே நடந்தது. "பூச்சி மாத்திரை கருவைக் கலைச்சிடும்" என்று அம்மா அழுதார். பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. முதல் மூன்று மாதம், குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் என்பதால், இந்த மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். அதன்பின் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, கொக்கிப்புழுவும் ரத்தசோகையும் அதிகமுள்ள பகுதிகளுக்கு அதைப் பரிந்துரைக்கவும் செய்கிறது. பக்கத்திலேயே இலங்கையில் 1990-களிலிருந்து கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதத்துக்குப் பின் மெபெண்டசோல் என்ற இன்னொரு பூச்சி மாத்திரையைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான பிரசவங்களைப் பார்த்து 1999-ல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்த தாய்மாரிடம் பிறவிக்குறை கூடியதாகத் தெரியவில்லை. குழந்தை இறந்து பிறப்பதும் மிகக் குறைந்த எடையில் பிறப்பதும் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. அம்மாவிடம் நான் சொன்னது இதைத்தான். இதைவிட அவரைச் சம்மதிக்க வைத்தது நர்சம்மாவின் வார்த்தை என்பது வேறு விஷயம்.

குழப்பம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் குடற்புழு நீக்க முகாம்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் மாத்திரை கிடையாது என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதைக் கேட்டவர்கள் கர்ப்பிணிக்கு இது விஷம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முகாமில் ஒவ்வொருவருக்கும் எத்தனையாவது மாதம் என்று பார்த்துக் கொடுக்க முடியாது, அதனால் மொத்தமாக விலக்குகிறார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் வழி தாய்சேய் அட்டை பார்த்து, மாதம் பார்த்து, தனியாகக் கொடுப்பது.

கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அல்பெண்டசோலோடு ஐவர்மெக்டின் என்ற வேறொரு மருந்து சேர்ந்த மாத்திரை ஏறத்தாழ அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும். ஐவர்மெக்டின் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. சீட்டில் எழுதிய மருந்து மட்டும்தான் மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மெபெண்டசோலை ஒரே வேளையாகக் கொடுத்தால் கொக்கிப்புழுவிடம் அவ்வளவாக எடுபடாது, அல்பெண்டசோல் மேல். நாட்டு மருந்துப் பக்கம் போனால் ஆபத்து அதிகம். ஆடுதின்னாப்பாளை பூச்சிக்குக் கொடுப்பது வழக்கம். அதிலிருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். விளக்கெண்ணெய் குடித்துப் பேதியாக்குவதும் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கக் கூடும்.

மாத்திரையை மென்று தண்ணீர் குடிக்க வேண்டும். சிலருக்கு அன்று லேசான வயிற்றுவலியும் தலைசுற்றலும் இருக்கும். புழு வெளியே வருவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான், நூல் போல மெலிசு, கண்ணில் படாது. "ஒண்ணும் வரலையே, மாத்திரை டூப்ளிகேட்" என்று இன்னொன்று போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேளையில் எல்லாருக்கும் முழுக்கப் போய்விடாது என்பது உண்மைதான். அதைச் சில வாரம் கழித்து இன்னொரு மலப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

புழு போனதால் மட்டும் ரத்தம் ஏறிவிடாது. கசிவு நிற்கிறது, அவ்வளவுதான். காலியான இருப்பை நிரப்ப வேண்டும், எனக்கு அதற்கு நேரம் குறைவாக இருந்ததால் நரம்பு வழியே இரும்பு ஏற்றினார்கள். தேவையைக் கணக்கிடும் வழி: உடல் எடையை, ஹீமோகுளோபின் எத்தனை கிராம் ஏறவேண்டுமோ அதனால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, இருப்புக்கு 500 கூட்டுவது. 50 கிலோ எடையும் 8-லிருந்து 11 வரை ஏறவேண்டிய தேவையும் என்றால் 360 கூட்டல் 500, அதாவது 860 மி.கி. அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மி.கி., சலைன் பாட்டிலில் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஏற்றுகிறார்கள். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தில் 1000 மி.கி. வரை ஒரே நாளில் ஏற்றிவிடலாம், தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஏற்றும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்தக் கணமே சொல்ல வேண்டும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் பழுப்புக் கறை மாதக்கணக்கில் தோலில் நிற்கும். முடிந்ததும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். மறுநாள் உடல்வலியும் லேசான காய்ச்சலும் வரலாம். ஏற்றும் நாட்களில் இரும்பு மாத்திரை வேண்டாம் என்பார்கள்.

அதன்பின் ஹீமோகுளோபின் பார்க்கும்போது ஒரே இடத்தில், ஒரே முறையில் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் சின்னக் கருவிக்கும் லேப் மெஷினுக்கும் அரை கிராம், சிலசமயம் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். விரலை அழுத்திப் பிழிந்தால் நீர் கலந்து இன்னும் குறைவாகக் காட்டும்.

எனக்குப் பிரசவத்தின்போது 10.4 வந்திருந்தது. 8-ல் போய்ப் படுப்பதற்கும் 10-க்கு மேல் போய்ப் படுப்பதற்கும் வித்தியாசம் பெரிது. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர்வரை ரத்தம் போகலாம். இருப்பு இல்லாதவளுக்கு அதற்குமேல் கொஞ்சம் போனாலும் உயிர் ஊசலாடும். குழந்தை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிறந்தாள், பால் குடித்துத் தேறிவிட்டாள்.

தாய்வீட்டுக்குப் போய்த் தங்கும் காலத்துக்கு ஒன்று. புழு போன வயிற்றுக்குள் மறுபடியும் புழு வர ஒரு விடியற்காலைத் தோப்பு நடை போதும். வீட்டில் கழிப்பறை இருந்தும், ஆண்களும் பெரியவர்களும் பழக்கத்தால் தோப்புக்கே போவது எங்கள் பக்கம் இன்னும் உண்டு. கர்ப்பிணியை மட்டும் கழிப்பறைக்கு அனுப்பிப் பயனில்லை, அவர்களும் அங்கேயே போக வேண்டும். ஹவாய்ச் செருப்பு வெறுங்காலைவிட எவ்வளவோ மேல், ஆனால் ஈரமண் ஓரத்தில் ஏறி ஒட்டும். மழைக்காலத்தில் மூடிய செருப்போ பூட்ஸோ நல்லது. களையெடுப்பதும் ஈரச் சருகுக்குள் கைவிட்டுக் கொட்டை பொறுக்குவதும் கை வழியாகவும் தொற்றைக் கொண்டுவரும். வீட்டில் மற்றவர்களுக்கும் அதே வாரத்தில் பூச்சி மாத்திரை கொடுத்துவிடுங்கள், ஒரு வயது கடந்த குழந்தைகள் உட்பட. குழந்தைகளுக்கான அளவை நர்சம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டு வயதுக்குள் அரை மாத்திரைதான். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு இன்னும் 180 நாள் சத்து மாத்திரை உண்டு. பிள்ளை பிறந்துவிட்டது என்று அதை அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள்தான் அடுத்த கர்ப்பத்தை மறுபடியும் 9-ல் தொடங்குகிறார்கள். பூச்சி மாத்திரை போட்ட தேதியைத் தாய்சேய் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறி, மருத்துவமனை மாறிப் போகும்போது அடுத்தவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.